உப்பு எடைக்கல்

செப்டம்பர் 9, செவ்வாய்

கிழக்கு உப்பளத்தில் நேற்று ஒரு லோடரின் கை ஒடிந்தது. டிராக்டரின் முன்னால் பக்கெட்டைத் தாங்கி நிற்கும் இரண்டு இரும்புக் கைகளில் ஒன்று, பக்கெட் நிறைய உப்போடு, நின்றிருந்த லாரியின் கேபின் மேல் விழுந்தது. லாரிக்காரன் டீ குடிக்க இறங்கியிருந்ததால் பிழைத்தான். டீ உடம்புக்குக் கெடுதல் என்கிறவர்கள் கவனிக்கவும்.

இன்று அளக்காரர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். பழைய லோடர் எதுவும் சோதனைச் சீட்டு இல்லாமல், எவ்வளவு தூக்கலாம் என்று அடித்த தகடு இல்லாமல், இனி தட்டுமேட்டில் ஏறக் கூடாது. பாத்தியில் வாரிய உப்பைக் கொண்டுவந்து மலைமலையாகக் குவிக்கும் கரைக்குத்தான் தட்டுமேடு என்று பெயர். என் பிழைப்பு முழுவதும் அந்த மேட்டின் மேல்தான் நிற்கிறது.

என்னிடம் இருப்பது இரண்டு வண்டி. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இரண்டும் என்னிடம் வருவதற்கு முன்பே யார் யாரிடமோ உழைத்துத் தேய்ந்தவை. லாரி நிறுத்தத்தில் பழைய சாக்கு விற்று ஆரம்பித்தவள் நான். புதிதாய் வாங்கும் பழக்கம் எனக்கு வரவே இல்லை.

சாயங்காலம் பால்துரை அண்ணாச்சி போன் செய்தார். பெரிய அளத்துக்காரர், என் முதல் வாடிக்கை.

"கனி, மழைக்கு முந்தி எம் உப்பு அம்பாரம் அம்புட்டையும் மூடியாவணும். ஒன் வண்டிய நம்பித்தான் இருக்கேன். தகடு இல்லாம வந்தா கேட்டுலயே நிறுத்திருவாவ, பாத்துக்கோ."

"தகடுதான அண்ணாச்சி, அடிச்சிருவோம்."

"நீயா அடிக்கப்பிடாது தாயி. அதுக்குன்னு ஒரு இன்ஜினியர் வாரான்."

இந்த மனிதர் என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 12, வெள்ளி

அம்பாரம் மூடும் வேலைக்கு இந்த வருடமும் பொன்கனி கோஷ்டிதான் என்று டிரைவர் வேம்பு வந்து சொன்னான். ஆறு பெண்கள். மாடி உயரத்துக்குக் குவிந்திருக்கும் உப்பின் உச்சியில் பிளாஸ்டிக் படுதாவை விரித்து, கீற்றுப் போட்டு, மணல் மூட்டை வைத்துக் கட்ட வேண்டும். காலால் ஏறினால் அம்பாரம் சரியும். அதனால் லோடர் வந்த காலத்திலிருந்தே பக்கெட்டுக்குள் நிற்க வைத்து மேலே தூக்கிவிடுவதுதான் வழக்கம். அவர்கள் அதற்குப் பல்லக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பல்லக்கில் முதல் ஆளாக ஏறுகிறவள் பொன்கனி.

நான் வெறும் கனி, அவள் பொன்கனி, என் தங்கச்சி. எங்களுக்குள் பேச்சு இல்லை. என் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் பாத்தியிலிருந்து நேராக ரப்பர் பூட்ஸோடு வந்தாள். நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்த கூடம், வெள்ளைக் கல் பதித்த தரை. வெளியே கழற்று என்றேன். சொன்னது குற்றமா? கழற்றவில்லை. திரும்பி நடந்தவள்தான்.

வேம்புவிடம் ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தனுப்பினேன். எனக்கு ஒன்று வாங்கினேன், கூட ஒன்று இலவசமாகக் கிடைத்தது. வீட்டில் சும்மா கிடப்பதற்கு, உப்பு வெளிச்சத்தில் கண் எரிகிறவர்கள் யாராவது போட்டுக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்ஜினியர் பெயர் சிக்கந்தர். மதுரைப் பக்கம். ஒல்லி, சிரிக்க மாட்டார், கையில் ஒரு சின்னச் சுத்தியல். வந்ததும் முதல் கேள்வி:

"மேடம், லோடரோட ஒரிஜினல் புக் இருக்கா? எவ்வளவு தூக்கும்னு கம்பெனி போட்டிருப்பாங்க."

"ஒரிஜினல் பெயிண்டே இல்ல சார். புக்குக்கு எங்க போவேன்?"

"அப்ப டிரைவர் எதை வச்சு லோடு எடுக்கிறார்?"

வேம்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "பக்கெட் நெறஞ்சா நெறஞ்சது சார். கூடிப்போச்சுன்னா பின்சக்கரம் லேசா எந்திரிக்கும். அப்ப கொறச்சுக்கிடுவோம்."

"எந்திரிச்ச பிறகு தெரிஞ்சு என்னங்க செய்றது?"

வேம்பு என் முகத்தைப் பார்த்தான். நான் டிராக்டரைப் பார்த்தேன்.

நீலத்தின் கையில் சிவப்பு மை அடித்தார், துடைத்தார், மேலே வெள்ளைப் பொடி பீச்சினார். கொஞ்சம் பொறுத்ததும் வெள்ளையின் மேல் சிவப்பாய் ஒரு கோடு கசிந்து வந்தது, சவரம் செய்யும்போது கீறிக்கொண்ட மாதிரி. பெயிண்டுக்கு அடியில் இத்தனை நாளாய் ஒளிந்திருந்த வெடிப்பு. நீலம் அத்தோடு கழிந்தது. எதிர்த்துக் கேட்கவும் வழியில்லை, கண்ணால் பார்த்தாயிற்று.

சிவப்புக்குக் கை நல்ல கை. கையை மாட்டும் இரும்பு முளையிலும் ஆட்டம் இல்லை. எடையைத் தூக்கி அப்படியே நிறுத்தி, தானாக இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கவில்லை. ஆனால் வேறு ஒரு குறை சொன்னார்.

"தராசு தெரியுமில்ல மேடம்?"

என்னிடம் கேட்கிறார்!

"முன்சக்கரம்தான் தராசோட நடு. முன்னால பக்கெட், பின்னால டிராக்டர். இந்த டிராக்டர் பின்பக்கம் லேசு. பின்னால அறுநூறு கிலோ கட்டுங்க, முன்னால ஐந்நூறு தூக்கலாம்னு எழுதித் தரேன். அந்த எடை இல்லைன்னா இருநூறுகூடத் தர மாட்டேன்."

கிளம்பும்போது வேம்புவுக்கு இரண்டு புத்தி. இறங்குகிற பக்கெட்டை நடுவில் சட்டென்று நிறுத்தாதே, அந்தக் குலுக்கலில் எடை இரண்டு மடங்காக விழும். பக்கெட்டில் ஆளை ஏற்றாதே, எந்தக் காலத்திலும்.

முதல் புத்திக்கு வேம்பு தலையாட்டினான். இரண்டாவதுக்கு நானும் சேர்ந்து ஆட்டினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பின்னால் மாட்ட ஒரு இரும்புப் பெட்டி செய்யச் சொல்லிவிட்டேன். உள்ளே எதைப் போடுவது? இரும்பு வாங்கினால் தண்டம். கான்கிரீட் ஊற்றினால் இறுகும்வரை வண்டி சும்மா நிற்கும். வானம் என் வசதிக்குக் காத்திருக்காது.

குளிக்கும்போது தோன்றியது. தட்டுமேட்டில் கூட்டித் தள்ளிய அழுக்கு உப்பு சும்மா கிடக்கிறது, யாரும் கேட்க நாதியில்லை. கல் மாதிரி கனம். மூட்டை கட்டி அடுக்கினால் முடிந்தது.

வெல்டரிடம் ஒன்று சொல்லி வைத்தேன்: பெட்டிக்கு அடியில் நாலு ஓட்டை போடு, தண்ணீர் தேங்கினால் தகரம் துருப்பிடிக்கும்.

செப்டம்பர் 18, வியாழன்

சிவப்பு தேறியது. எடை மேடையில் பெட்டியோடும் பெட்டி இல்லாமலும் ஏற்றிப் பார்த்தார்கள். வித்தியாசம் அறுநூற்றுக்குக் கொஞ்சம் மேல்.

சிக்கந்தர் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். "உள்ள என்ன மேடம் போட்டிருக்கீங்க?"

"எடை மேடையே சொல்லுதே சார், கேட்ட எடைக்கு மேலயே இருக்கு."

மூடியில் போல்ட்டு முடுக்கியிருந்தது. அவருக்கு அடுத்த அளத்திலிருந்து போன் மேல் போன். தகட்டை அடித்தார், ஆணி வைத்தார், ஆள் ஏறக் கூடாது என்ற ஸ்டிக்கரைப் பக்கெட்டில் ஒட்டினார், போனார். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. அதில் பொய் எதுவும் இல்லை.

பளபளவென்று தகடு. முன்னால் 500, பின்னால் 600 கட்டாயம். நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

வியாபாரம் என்பது இதுதான். என் பெட்டியைப் பார்த்துவிட்டு நாலு லோடர்காரர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். வெல்டரை உட்கார வைத்து நாலு பெட்டி செய்து, உள்ளே என்ன போடுவது என்ற யோசனையையும் சேர்த்தே விற்றேன். நாலு பேரும் தகடு வாங்கிவிட்டார்கள். முத்தையாபுரம் கொம்பையா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, நீங்க ஆம்பளையாப் பொறந்திருந்தா கலெக்டரு" என்றான். பொம்பளையாய்ப் பிறந்தும் கலெக்டர் ஆகலாம் என்ற செய்தி அவனுக்கு இன்னும் எட்டவில்லை.

பக்கத்து வீட்டு ஆடுகள் நாலைந்து எப்போது பார்த்தாலும் சிவப்பின் பின்னால் வந்து நிற்கின்றன. விரட்டினாலும் போவதில்லை. பெட்டிக்கு அடியில் நாக்கை நீட்டுகின்றன.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சிவப்புக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பூசணிக்காய் உடைத்தோம். வேம்பு பக்தி முற்றித் தகட்டின் மேலேயே ஒரு கை சந்தனத்தை அப்பிவிட்டான், எண் எதுவும் தெரியவில்லை. சாமி தெரிந்தால் போதும் என்றான்.

அக்டோபர் 6, திங்கள்

பெட்டிக்கு அடியில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துத் தொங்குகிறது. வேம்புவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"ஏல, உப்பு வண்டிய நெதம் நல்ல தண்ணியில கழுவணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? பின்னால பாரு, எப்படிப் பூத்துக் கெடக்குன்னு."

"கழுவத்தான் செய்யுதேன்க்கா. நெதம் பைப்பப் போட்டு அடிக்கேன்."

"இன்னும் நல்லா அடி. அந்தப் பெட்டி மேல கொஞ்ச நேரம் பைப்ப அப்படியே வச்சிரு. ஊறட்டும்."

என்னிடம் பழைய வண்டியும் இத்தனை வருடம் உழைப்பதற்கு இந்தக் கழுவல்தான் காரணம். இந்தக் காலத்து டிரைவர்களுக்கு அது புரியாது.

அக்டோபர் 9, வியாழன்

தட்டுமேட்டுக்குப் போனேன், வாடகை விஷயமாக. பொன்கனி கோஷ்டி பல்லக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டிக்கர் மேலேயே கால் வைத்து ஏறுகிறார்கள். பால்துரை அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நிற்கிறார்.

"அண்ணாச்சி, ஆள் ஏறப்பிடாதுன்னு போட்டிருக்குல்லா?"

"அது இன்ஜினியருக்கு. மழ வருது தாயி. ஏணி போட்டா உப்புல பொதையுது, நான் என்ன செய்ய?"

பொன்கனி மேலே இருந்து கேட்டிருக்க வேண்டும். என்னிடம் பேசமாட்டாளே, வேம்புவிடம் பேசுகிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்:

"ஏ வேம்பு, ஒங்க மொதலாளியம்மாட்ட சொல்லு. அடியில அகலப் பலக வச்சு, சக்கரம் போட்டு ஒரு இரும்புப் படி செஞ்சு தந்தா நாங்க ஏன் இதுல ஏறுதோம்? ஸ்டிக்கர் ஒட்டுறதுக்குப் பதிலா அதச் செய்யலாம்லா?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கேட்காத மாதிரி ஸ்கூட்டியை எடுத்தேன். தகட்டில் ஐந்நூறு என்று இருக்கிறது. இரண்டு பெண்கள், ஒரு படுதா, சில மணல் மூட்டை, ஐந்நூறு எங்கே வரப்போகிறது?

பொன்கனி கண்ணில் நான் அனுப்பிய கண்ணாடி இல்லை. இடுப்பில் செருகியிருந்தாள். வேம்புவிடம் கேட்டதற்கு, "ஓசியில வந்தத நான் மாட்டமாட்டேன்னு சொல்லிட்டாவ" என்றான். மாட்டாவிட்டால் போகட்டும். என் கண்ணா?

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்றிலிருந்து மழை. விட்டுவிட்டுப் பெய்கிறது. இன்னும் பாதி அம்பாரம் திறந்து கிடப்பதாகப் பால்துரை அண்ணாச்சி காலையிலிருந்து நாலு தடவை போன் செய்துவிட்டார். சிவப்பு அவருடைய தட்டுமேட்டிலேயே நிற்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

நடந்ததை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. என் லோடர் வாடகைக் கடையில் கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தபோது முத்தையாபுரம் கொம்பையா போனில் வந்தான். சிரிப்பு தாங்கவில்லை அவனுக்கு.

"யக்கா, ஒங்க பெட்டிய இன்னிக்குத் தெறந்தேன். உள்ள வெறுஞ்சாக்கு மட்டும் மடிஞ்சு கெடக்கு. எலி தின்னிருக்குமோ?"

"உப்ப எலி திங்குமால?" என்று நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு முடியவில்லை. பாதியில் நின்றுவிட்டது. ஆடுகள். பெட்டிக்கு அடியில் தொங்கிய வெள்ளை. நான் போடச் சொன்ன நாலு ஓட்டை. பெட்டி மேல் பைப்பை வைத்து ஊறப்போடு என்று சொன்ன என் வாய். தினம் தினம் மூடி இடுக்கு வழியே நல்ல தண்ணீரைப் பாய்ச்சி அறுநூறு கிலோவை நானே கரைத்து ஊற்றியிருக்கிறேன். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டிருக்கிறது.

சிவப்பு அங்கே அம்பாரம் மூடிக்கொண்டிருக்கிறது. பல்லக்கில் முதல் ஆள் யார் என்று எனக்குத் தெரியும்.

வேம்புவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மழைக்குப் பயந்து போனை டூல் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருப்பான். பால்துரை அண்ணாச்சி போன் வேறு யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தது. ஸ்கூட்டியை எடுத்தேன். பாத்திகளுக்கு நடுவே போகும் கரைப் பாதை சேறு. இரண்டு இடத்தில் சரிந்து, காலை ஊன்றி நிமிர்த்தினேன். செருப்பு ஒன்று எங்கோ போய்விட்டது.

தூரத்திலேயே தெரிந்தது. கடைசி அம்பாரத்துக்கு முன்னால் சிவப்பு. பக்கெட் முழு உயரத்தில். உள்ளே பொன்கனியும் இன்னொரு பெண்ணும், அவர்கள் காலடியில் மழையில் ஊறிய மணல் மூட்டைகள். காற்றில் படுதா படபடக்கிறது. உச்சிக்கு எட்டவில்லை போலிருக்கிறது, பொன்கனி கையை நீட்டி, "இன்னும் முன்ன வா, இன்னும் முன்ன" என்று கத்துகிறாள். வேம்பு அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டு டிராக்டரை நகர்த்துகிறான்.

யாரும் பின்னால் பார்க்கவில்லை. பின்சக்கரத்துக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். கத்தினால் வேம்பு பதறி பிரேக்கை அழுத்துவான், இல்லை லிவரைச் சட்டென்று தள்ளுவான். அந்தக் குலுக்கல் போதும், தராசு கவிழ்ந்துவிடும். வாயை மூடிக்கொண்டு ஓடினேன். சக்கரம் இறங்கியது. மறுபடி எழுந்தது. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

ஓடிப்போய்ப் பெட்டியின் மேல் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. தகரம் வெற்று டப்பா மாதிரி டங்கென்றது. சக்கரம் சேற்றில் பதிந்தது.

"வேம்பு, எதையும் தொடாத. நான் பின்னாலதான் இருக்கேன். திரும்பாத. கை, கால் எதையும் அசைக்காத."

"யக்கா?"

"பேசாத."

கீழே கீற்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நாலு பெண்கள் என்னைப் பார்த்து முழித்தார்கள். "ஏட்டி, வாங்க. எல்லாரும் இதுல ஏறுங்க. பைய. ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர்." எதற்கு என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. பெட்டியில் இரண்டு பேர், பெட்டியைத் தாங்கும் சட்டத்தில் இரண்டு பேர், சேறும் பூட்ஸும் உப்புமாய் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

"இப்ப எறக்கு வேம்பு. கோழிக்குஞ்சக் கீழ விடுத மாதிரி. நடுவுல நிறுத்தாத."

பக்கெட் இறங்கியது. அவ்வளவு மெதுவாக ஒரு இரும்பு இறங்கி நான் பார்த்ததில்லை. இதற்குள் பொன்கனிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், கத்தலை நிறுத்திவிட்டு பக்கெட்டின் உள்பக்கத்தை ஒட்டி அசையாமல் நின்றாள். தரை தட்டியதும் அந்த இன்னொரு பெண் குதித்து ஓடினாள். பொன்கனி நிதானமாக இறங்கி, டிராக்டரைச் சுற்றி வந்து, பெட்டி மேல் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். பெட்டியைத் தட்டினாள். வெற்றுச் சத்தம். அடியில் ஓட்டையில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் அளந்தாள். "நல்லவேள, நல்லாத் தின்னு ஒடம்ப வச்சிருக்க."

பால்காய்ச்சு அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. பெட்டியிலிருந்து இறங்கத்தான் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

சேறுதான் காரணம் என்று வேம்பு எல்லாரிடமும் சொல்லிவிட்டான். சேறுதான் என்று பால்துரை அண்ணாச்சியும் சொல்கிறார். மழைக்கு வண்டி தூக்கத்தான் செய்யும், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்கிறார். நான் வாயைத் திறக்காமல் பெட்டியில் கான்கிரீட்டை ஊற்றிவிட்டுப் பேசாமல் இருந்தால் இது சேற்றோடு போகும்.

ஆனால் அதே ஓட்டைகளோடு நான் விற்ற நாலு பெட்டிகள் நாலு அளத்தில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தன.

காலையிலேயே கிளம்பிவிட்டேன். கொம்பையா சிரித்தவன், நான் சொல்லச் சொல்லச் சிரிப்பை நிறுத்தி, வண்டிச் சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இரண்டு பேர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள், ஆனால் நிறுத்தினார்கள். நாலாவது ஆள் தர்மக்கண். வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"அன்னிக்கு நீங்கதான உப்பு போடச் சொன்னிய? இன்னிக்கு நீங்களே வேண்டாங்கிய. அப்ப ஒங்க பேச்ச எப்பம் நம்ப? பெட்டி வித்தப்பவா, இப்பவா?"

"இப்ப நம்புங்க."

"தொழில்ல என்னைய நிறுத்திட்டு ஒங்க வண்டிய விடப் பாக்கியளோ?"

"என் ரெண்டு வண்டியும் வீட்டுலதான் நிக்கி. போய்ப் பாத்துட்டு வாங்க. அதுக்கு முந்தி ஒங்க மூடியத் தெறங்க."

திறந்தான். கால்வாசிகூட இல்லை. மேலே ஈரச் சாக்குகள், தோல் உரித்துப் போட்ட மாதிரி. அப்புறம் பக்கெட்டில் நின்றிருந்த இருவரையும் இறங்கச் சொன்னான். ஒருத்தி அவனுடைய மனைவி.

அங்கிருந்தே சிக்கந்தருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "அஞ்சு தகடும் இனி செல்லாது மேடம். நாளைக்கு வரேன்" என்றார்.

அக்டோபர் 18, சனி

சிக்கந்தர் வந்து தகட்டைக் கழற்றினார். ஆணியை உருவும்போது ஆயுத பூஜைச் சந்தனம் பெயர்ந்து விழுந்தது.

"அன்னைக்கே உள்ள என்னன்னு கேட்டேன் மேடம்."

"கேட்டிய. நான் எடையத்தான் சொன்னேன்."

"மூடியத் திறக்கச் சொல்லியிருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன். என் கையெழுத்துதானே அதுல இருக்கு." கழற்றிய தகட்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "எடைக்கல்லைக் கரையிற பொருள்ல செஞ்சு இதுவரைக்கும் நான் பார்த்ததில்ல."

"இந்த ஊர்லதான் சார் பாக்க முடியும்."

சிரித்தாரோ என்று ஒரு சந்தேகம். கான்கிரீட் ஊற்றி இறுகிய பிறகு திரும்ப எடை போட்டுத்தான் புதுத் தகடு. அதுவரை வண்டி கேட்டுக்கு வெளியே.

அக்டோபர் 22, புதன்

பெருமழை. பால்துரை அண்ணாச்சியின் கடைசி அம்பாரம் மூடாமலே கிடந்து பாதி கரைந்துவிட்டது. போனில் கத்தினார். அடுத்த வருடத்துக்கு என் வண்டி வேண்டாம் என்றார். எத்தனை வருட வாடிக்கை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"எம் மலையே கரைஞ்சு போச்சு கனி!"

"மலைதான அண்ணாச்சி" என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 24, வெள்ளி

கான்கிரீட் ஊற்றியாயிற்று. மற்ற நாலு பெட்டிகளுக்கும் என் செலவில். வெல்டரிடம் ஒரு இரும்புப் படி செய்யச் சொன்னேன். சக்கரம் வைத்து, உப்பில் புதையாதபடி அடியில் அகலப் பலகை வைத்து, பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி. யார் சொன்ன யோசனை என்று கேட்டான். வாடிக்கைக்காரர் ஒருவர் என்றேன்.

நவம்பர் 3, திங்கள்

புதுத் தகடு வந்தது. முன்னால் 450. சிக்கந்தர் இந்தத் தடவை பெட்டியின் மூடியை அவர் கையாலேயே கழற்றி, கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஐந்நூறு ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் பொன்கனி வந்தாள், வேலையிலிருந்து நேராக. வாசலில் நின்றுகொண்டாள். படி செய்வதாகக் கேள்விப்பட்டாளாம், கைப்பிடி இன்னும் கொஞ்சம் உயரமாக வேண்டும் என்று சொல்ல வந்தாளாம்.

"அதச் சொல்லவா இம்புட்டுத் தூரம்?"

"வேற என்னத்துக்கு வாரேன்?" இடுப்பிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். "இது ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஓசின்னு வேம்பு சொன்னானே?"

"இல்ல. கடையில ஒனக்குன்னு கேட்டு வாங்குனது."

அதை மாட்டிக்கொண்டு, குனிந்து பூட்ஸைக் கழற்றப் போனாள்.

"கழத்த வேண்டாம். அப்படியே வா" என்றேன்.

காப்பி குடித்துவிட்டு, வெல்டரின் வேலையில் நாலு குறை சொல்லிவிட்டுப் போனாள். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் வெள்ளைத் தரையில் சேறும் உப்புமாய் பூட்ஸ் தடம். வேலைக்காரப் பெண் துணியை நனைத்துக்கொண்டு துடைக்க வந்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன்.